ஜப்பான் அக்கா

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் சாலையில்
உதிரிபாகக் கடை.
பெல்ட், பேரிங், ஆயில் சீல், கிரீஸ் டப்பா,
நடுவில் நான்.
பில்லில் என் பெயர் மங்கையர்க்கரசி.
வருகிறவர்களுக்கு ஜப்பான் அக்கா.

பதினோரு வருடத்துக்கு முன் விழுந்த பெயர்.
கோடம்பாக்கத்து மாடியறையில் படித்து
நான்காம் நிலை தேறி
மூன்றாம் நிலையில் ஏழு மதிப்பெண்ணில் தவறி
ஊருக்கு வந்தபோது.
ஏன் விட்டாய் என்றால்
பெரிதாக ஒன்றுமில்லை.
ஃபீஸ். பிறகு டெங்கு. பிறகு வெட்கம்.
வெட்கம்தான் அதிக நாள் இருந்தது.

மொழி போய்விட்டது, பெயர் போகவில்லை.
தண்ணீரே வராவிட்டாலும்
கிராமக் கணக்கில் அது வாய்க்கால்தானே.

தை அறுவடைக்கு ஸ்தனிஸ்லாஸ்
கைமாறிக் கைமாறி வந்த ஒரு அறுப்பு மிஷினை
கடை வாசலில் நிறுத்தினான்.
பக்கத் தகட்டைத் திறந்து காட்டினான்.
மஞ்சள் ஸ்டிக்கர், ஓரம் சுரண்டியிருந்தது.
"உங்க பாஷைதான்க்கா. என்ன போட்டிருக்கு?"
காட்டிய விரலுக்கு நுனி இல்லை.
அது வேறொரு மிஷின், வேறொரு வருடம்.

பார்த்தேன்.
அவையும் என்னைப் பார்த்தன,
கல்யாண மண்டபத்தில் வழிமறித்து
யாருன்னு தெரியுதா சொல்லு பார்ப்போம் என்று
சிரித்தபடி நிற்கிறவர்களைப்போல.
முகம் தெரிந்தது. பேர் வரவில்லை.
வாயில் வந்தது ஒன்றே ஒன்று:
வசுரெமஷ்தா.
மறந்துவிட்டேன் என்று அர்த்தம்.
அதை மட்டும் மறக்கவில்லை.

"என்னக்கா?"
"ஆயில் மாத்தச் சொல்லிருக்கு" என்றேன்.
போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி
கணக்கு நோட்டுகளுக்கு அடியிலிருந்து
பழைய நோட்டை உருவினேன்.
போதவில்லை. செயலி ஒன்றை இறக்கினேன்.
புதியவரா, திரும்பி வருகிறவரா என்று கேட்டது.
புதியவர் என்று அமுக்கினேன்.
அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா?
மேட்டூரில் திறந்து, நாளை எண்ணி எண்ணி,
கடைசியில் வருவது தண்ணீர் இல்லை.
நுரை. சருகு.
டீ டம்ளர், ஒற்றைச் செருப்பு, செத்த நண்டு
எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு
அழுக்காய் ஒரு நாக்கு,
வெடிப்புக்கு வெடிப்பு நின்று குடித்து
நகரும்.
அப்படித்தான் வந்தது.
இது பேனா.
நிலையம் எங்கே இருக்கிறது?
தனகா அவர்கள் கம்பெனி ஊழியர்.
தனகா யாராயிருந்தால் எனக்கென்ன!
பிறகு எண்கள். வாரநாட்கள், புதனை விட்டுவிட்டு.
இரண்டரை மணிக்கு
ஒரு கை.

மேலே சாய்ந்து ஒரு கீற்று,
குறுக்கே இரண்டு,
நடுவில் இறங்கிக் கொக்கியாய் வளைகிற ஒன்று.
தே.
கை.
நோட்டில் பத்துத் தடவை எழுதினேன்,
ஒன்பதாவதுதான் கைபோல் இருந்தது.

கைக்குப் பின்னால் உள்ளே விடு.
அதற்கும் பின்னால்
ஒற்றை எழுத்து, ந.
அந்த ந-வுக்காகத்தான் எல்லாம் காத்திருக்கிறது.
அங்கேயும் நம்மைப்போலத்தான்,
வாக்கியத்தின் வால் வரைக்கும் போனால்தான் தெரியும்
விடலாமா கூடாதா என்று.
கையை உள்ளே விடாதே.

பனி விலகுமுன் ஸ்கூட்டியில் இடும்பாவனம்.
வயல் ஓரம் மிஷின்,
பக்கத்தில் கேன் நிறையக் கறுத்த எண்ணெய்.
"சொன்னபடி மாத்திட்டேன்க்கா,
சத்தமே குறைஞ்சிருச்சு."

சொன்னேன். நேற்றுச் சொன்னது பொய் என்பதையும்.
அவன் விரலைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"இது எனக்குப் படிக்காமலே தெரியுமேக்கா" என்றான்.
பிறகு தகட்டைத் திறந்து குனிந்து
"கீழ பொடியா இன்னொரு வரி ஓடுதே, அது?"

குனிந்து பார்த்தேன்.
"அதுக்கு ரெண்டு நாள் குடு."