பின்

பகாவ் ரோட்டில் செம்பனை லோரி
குலை உதிர்த்துக்கொண்டே போன சனிக்கிழமை,
மூன்றாவது முறையாக
என் வண்டி நடுக்கல்லில் நின்றது.

வண்டி என்றால் ஒரு முழ நீளம்.
ரிமோட்டில் ஊரும்.
ஓடத் தெரியாது, பாறை ஏறத் தெரியும்.
பொம்மை என்று யாராவது சொன்னால்
ஷம்சூல் சண்டைக்குப் போவான்.
நான் போவதில்லை.
எடைமேடைச் சன்னலில் உட்கார்ந்து
பத்து டன், பன்னிரண்டு டன் என்று
நாள் முழுக்க எழுதுகிறவளுக்கு
இரண்டரைக் கிலோவில் ஒரு வண்டி
வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பதினாறாம் நம்பர் காடு முடிந்து
ஓடை திரும்புகிற இடம்.
முன்சக்கரம் கல்லைக் கவ்விக்கொண்டது.
பின்சக்கரம் சும்மா இருந்தது.
மோட்டார் மட்டும் உள்ளே
தனக்குத்தானே பேசியது.
"பின் போச்சு" என்றான் ஷம்சூல், தமிழிலேயே.
பின் போனால் பின் என்ன?
மண்டியிட்டுத் தேடினோம்.
இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நெல்மணி நீளம்.
காய்ந்த ஓலை கிடைத்தது,
கட்டெறும்பு கிடைத்தது,
யாரோ தொலைத்த மோட்டார் சைக்கிள் சாவிகூடக் கிடைத்தது.

இரவு, சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்தேன்.
ஷிப்ட் முடிந்து வந்த நவநீதன்
ஒன்றும் சொல்லாமல்
தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் தடவை வளைந்தது கடைப் பின்.
இரண்டாம் தடவைக்கு
டிரில் பிட்டின் தண்டை அறுத்துப் போட்டேன்.
எஃகென்றால் எஃகு, இம்மியும் வளையவில்லை.
அதற்குப் பதில் உள்ளே கியருக்கு
மூன்று பல் போயிற்று.
முப்பத்தெட்டு ரிங்கிட்.
ஏதோ ஒன்று உடைந்துதான் தீரும் என்றால்
மலிவானது உடையட்டும்.
(வண்டியைப் பற்றித்தான் சொல்கிறேன்.)
மறுபடி மெத்தென்ற பின்.
அதுதான் இன்று, பூட்டுத் திருகைத் தள்ளிவிட்டு,
ஓடையோடு போய்விட்டது.

புதுசு ஒன்றைத் துளையில் நுழைத்தேன்.
திருகுக்கு நீலப் பசை, ஒரு பொட்டு.
காயட்டும் என்று
தண்டை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தேன்,
ரொம்ப மெல்ல,
இதுவரை யாரும் சுற்றாத மெதுவாக.

விக்கியது.
ஒரு சுற்றுக்கு இரண்டு விக்கல்.
மறுபடி சுற்றினேன்.
இரண்டு.

தண்டின் இந்தக் கோடியில் ஒரு கவை,
அந்தக் கோடியில் ஒரு கவை.
இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.
இங்கே ஒன்று கூரையைப் பார்க்கிறது,
ஒன்று சுவரைப் பார்க்கிறது.
கால் சுற்றுத் தள்ளி மாட்டியிருக்கிறது.
மாட்டியது நான்.

தீபாவளிக்கு முந்திய வாரம் கரண்டு போன ராத்திரி,
கைப்பேசி வெளிச்சத்தில்.
அன்றிலிருந்து
சிரம்பான் கடைக்கார லியோங்கைத் திட்டியிருக்கிறேன்,
பின் செய்த ஊரைத் திட்டியிருக்கிறேன்,
கல்லைத் திட்டியிருக்கிறேன்.

உருவினேன். திருப்பினேன். செருகினேன்.
சுற்றினால் தண்ணீர் மாதிரிப் போகிறது.
நவநீதனைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னேன்.
"என்ன வித்தியாசம்?" என்றான்.
"ஒன்றுமில்லை, அதுதான்" என்றேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
ஷம்சூல் படம் அனுப்பியிருந்தான்:
அவன் உள்ளங்கையில் இரண்டாய் முறிந்த பின்.
'எனக்கும் போச்சு யோகேஸ். ஓடையில் ஏதோ இருக்கு.'

அதே ராத்திரி, அதே வெளிச்சத்தில்,
அவன் தண்டையும் நான்தான் மாட்டினேன்.
உனக்குக் கைராசி என்று சொல்லி
என்னிடம் கொடுத்திருந்தான்.

எழுதினேன். அழித்தேன்.
மறுபடி நீளமாக எழுதினேன், அதையும் அழித்தேன்.
'நாளைக்கு வண்டியைக் கொண்டு வா' என்று மட்டும் அனுப்பினேன்.

'கொண்டு வர்றேன். உன் கை பட்டால் சரியாயிடும்.'

நீலப் பசை இன்னும் காயவில்லை.
விளக்கை அணைக்காமல்
உட்கார்ந்திருந்தேன்.