ஏழு நிமிட அடுக்களை

மொண்டெவிடேயோவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
வியாழன் இரவுக் காட்சி முடிந்து
இரண்டு தெரு கடக்கும்வரை
யாரும் வாய் திறக்கக் கூடாது.
சுல்மா போட்ட சட்டம்.
படம் இன்னும் ஈரமாயிருக்கும்,
அதற்குள் பேசினால் விரல்ரேகை பதியும் என்பாள்.

மூன்றாம் தெருவின் முதல் விளக்குக் கம்பம்.
அதன்கீழ் வந்ததும் எல்பியோ
குலுக்கிய சோடாவைத் திறந்தாற்போல:
"மழை பொய்.
நனைந்தவன் அப்படி நடக்க மாட்டான்."

மெத்தை விற்கிறவர் எல்பியோ.
படத்தையும் அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார்,
உள்ளே சுருள்வில்லா, வெறும் பஞ்சா என்று.
சுல்மா பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள்;
பாதிப் படம் கண்ணை மூடியே பார்ப்பாள்.
நான் மருந்துக்கடையில் இரவு வேலை.
எனக்கு எல்லாப் படமும் கொஞ்சம் பிடிக்கும்.
அதற்கு உன் கடையிலேயே மருந்து இருக்குமே
என்பார்கள் இருவரும்.

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து
வெந்நீர்க் குடுவையைத் திறப்பேன்.
ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல்,
மாத்தே இலைக் கசப்பு
கைமாறிக் கைமாறி என்னிடமே திரும்பும்.
இந்த ஊரில் ஒரு வழக்கம்:
குடுக்கையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
ஆகவே விடியும்வரை பேச நினைப்பவர்கள்
நன்றிகெட்டவர்களாகவே இருப்போம்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.
கறுப்பு வெள்ளை.
ஒருத்தி வீட்டைவிட்டுப் போகிறாள்.
அவள் போனபிறகும் காமிரா போகவில்லை.
ஏழு நிமிடம் காலி அடுக்களை.
சொட்டும் குழாய்,
நாற்காலி முதுகில் ஒரு துண்டு.
முடிந்தது.

"பிலிம் மிச்சம் இருந்திருக்கிறது, ஓட்டிவிட்டான்."
"அந்த ஏழு நிமிடம்தான் படம்.
முன்னால் வந்த தொண்ணூறும்
வெறும் கதவு திறக்கிற சத்தம்."
என் குரல் இவ்வளவு உயரும் என்று
எனக்கே தெரியாது.
எல்லாம் கொஞ்சம் பிடிக்கிறவனுக்கு
ஒன்று முழுதாகப் பிடித்துவிட்டால் அப்படித்தான்.
சுல்மா ஏதோ சொன்னாள்,
குழாய் ஒரே தாளத்தில் சொட்டுகிறது,
நிஜக் குழாய் தாளம் தப்பும் என்று.
யார் கேட்டோம்?
அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்.
நான் பிடித்ததற்கும் மூன்றுதான்,
வேறு மூன்று.

நள்ளிரவுக்குப் பிறகு
சொல்லக் கூடாததைச் சொன்னேன்:
"மெத்தைக்காரருக்குத் தூங்கத்தான் தெரியும்."

எல்பியோ குடுக்கையை நீட்டினார்.
"நன்றி" என்றார், மெதுவாக.

பதினோரு வருடம்.
ஒரே அரங்கு, வேறு வேறு வரிசை.
வாசலில் சர்க்கரைக் கடலை வாங்கி
ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டு
நடு வரிசையில் தனியே உட்காருவாள் சுல்மா.

போன வியாழன் மறுபடி அதே படம்.

இடையில் என் அடுக்களையும் காலியாகியிருந்தது.
ஏழு நிமிடமல்ல, நாலு வருடம்.
துண்டு எப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும்.
அது நாறும்.
அந்த வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாகவும் வராது.
திரையைப் பார்க்கப் பார்க்க
ஏமாற்றுகிறான், ஏமாற்றுகிறான் என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தெரு கடந்தோம்.
மூவரும் ஒரே பக்கம்தான் நடக்கிறோம் என்பதை
கம்பத்தின்கீழ் வந்தபிறகே கவனித்தேன்.
"பொய்," என்றேன். "அழகான பொய்."

"அந்த ஏழு நிமிடத்தில் கைவைக்காதே,"
என்றார் எல்பியோ.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
அதற்குள் சண்டை பிடித்துக்கொண்டது:
என் பழைய வாக்கியங்களையே எடுத்து
என்மீது எறிந்தார், ஒரு சொல் பிசகாமல்.
நான் அவருடையதை எடுத்தேன்.
பிலிம் மிச்சம் என்று நானே சொன்னேன்!
முயல்களை மாற்றிக்கொண்டோம்,
கால் மட்டும் கூடவில்லை.

சுவரில் காற்று. கீழே கறுத்த தண்ணீர்.
எல்பியோ குடித்து முடித்துக்
குடுக்கையை நீட்டினார்,
வாய் திறக்காமல்.
வெந்நீர் ஊற்றினேன்.

பக்கத்தில் சுல்மா
கல்லில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்,
நிஜக் குழாய் எப்படிச் சொட்டும் என்று:
ஒன்று, ஒன்று,
நீண்ட நேரம் ஒன்றுமில்லை,
ஒன்று.