நானூற்றைம்பது வாட்

சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூறு.
செங்கொடி என்று பேரெழுதிய கவரில்
மூன்று வாரமாக பீரோவில் கிடக்கிறது.

லேபில் கழித்துப்போட்ட ரிப்போர்ட் தாள்களில்
முன்பக்கம் யாருடைய சர்க்கரையோ,
பின்பக்கம் என் பிராசசர்.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் மாடியில் முபாரக் கடை.
தம்பிக்கா என்றார்.
எனக்குத்தான் என்றதும்
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
சின்ன பிராசசரில் பெரிய கார்டைச் சொருகினால்
என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தவரிடம்
மேட்டூரில் எத்தனை கண் திறந்தாலும்
நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால்
தலைஞாயிறுக்கு என்ன வரும் என்றேன்.
கடைமடைக்காரிக்கு
இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டாம்.

எட்டும் எட்டுமாக ரேம்,
மூவாயிரத்து அறுநூறு.
போர்டு ஆறாயிரத்து இருநூறு.
யாரோ பார்த்துத் தீர்த்த மானிட்டர் எட்டாயிரம்;
வலது மேல்மூலையில் ஒரு புள்ளி செத்திருக்கிறது,
பார்க்கப் பார்க்கப் பழகிடும் என்கிறார்.

காரைக்காலில் ஒருவர் கார்டு விற்கிறார்.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
மைனிங்கில் ஓட்டவேயில்லை என்று
நான் கேட்காமலே போனில் சத்தியம் செய்தார்.
வெறும் வயிற்றில்தான் வந்தேன் என்று
கேட்காமலே சொல்கிறவர் வாயில்
டீ வாசம் அடிக்கும்.
தினமும் காலையில் பார்க்கிறேன்.

ஆனாலும் ஆசை.
கேபினட்டோடு சும்மா வருகிற பவர் சப்ளை போதுமென்றால்
கார்டும் வாங்கலாம்,
நானூறு ரூபாய் மிஞ்சும்.
மூன்று தரம் கூட்டினேன்.
மூன்று தரமும் சரியாக வந்ததில்தான்
பயம் வந்தது.

போன சித்திரையில்
த்ரீ ஃபேஸ் வந்த நேரம்,
வயல் மோட்டாரும் இறால் பண்ணை ஏரேட்டரும்
ஒரே மூச்சில் எழுந்துகொள்ள
லேபில் டியூப்லைட் கண்ணை மூடித் திறந்தது.
செல் கவுண்டருக்குள்ளிருந்து
தேங்காய்நார் கருகுகிற மாதிரி ஒரு வாசனை.
முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற
பதினோரு பேரையும்
நாளைக்கு வாங்க என்று
நான்தான் அனுப்பினேன்.

கார்டை அடித்தேன்.
பிராசசரோடு ஒட்டிவருகிற கிராஃபிக்ஸில்
இந்த வருஷம் ஓடட்டும்.
பவர் சப்ளைக்கு மட்டும்
மூவாயிரத்து நானூறு.
அது கலர் கலராய் எரியாது,
வெளியே தெரியாது,
எந்தக் காரையும் வேகமாக ஓட்டாது.
கேம் ஆடத்தானே வாங்குறீங்க என்று
முபாரக்குக்கே சந்தேகம்.

ஆமாம்.
வேதாரண்யத்து மாமா வீட்டில்
எனக்கும் ஒரு கன்ட்ரோலர் தருவார்கள்.
சிவப்புக் கார் உன்னோடது என்பான் கதிரொளி.
ஒரு முழு லீவு
வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து ஓட்டினேன்.
ஜெயித்துக்கூட இருக்கிறேன்.
கடைசி நாள்
கூடத்தைப் பெருக்கச் சொன்னார்கள்.
டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் ஒயர்
எதிலும் சொருகாமல் கிடந்தது.
அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி மாட்டி முடித்தேன்.
ரேமை ஒருதரம் தப்பான இடத்தில் அழுத்தி,
கழற்றி, மறுபடி அழுத்தி.
கார்டுக்கான இடம் காலி.
பல்லி புகாமலிருக்க
பின்னால் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

பத்தே முக்காலுக்கு லைட் மங்கியது.
ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றியது.
மலைப்பாதை மட்டும் அசையாமல் நின்றது.
ஆகக் குறைந்த தரத்தில்
மரமெல்லாம் அட்டையை வெட்டி நட்ட மாதிரி.
வானத்தில் அந்தச் செத்த புள்ளி.

கிளம்புமுன் குனிந்து
ஒயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதல் வளைவில்
திருப்பினேன், திரும்பியது.
ரொம்பவே திரும்பி
தடுப்புச் சுவரில் போய் மோதியது.

நான்தான் மோதினேன்.