பதினான்காம் பாகத்துக்கு ஒன்றரை நட்சத்திரம்

விலெம் கேட்டது முந்நூறு சொற்கள்,
கடைசியில் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு வரி.
நான் ஓஸ்த்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறவள்.
கடைசி நடை முடிந்து பணிமனையில்
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
எழுத உட்கார்ந்தேன்.

ஸ்லாவிக் என்ற கப்பலை எனக்குப் பதின்மூன்று பாகமாகத் தெரியும்.
மூன்றாம் தளத்தில் சமையலறைக் கதவு சரியாக மூடாது.
இடது என்ஜின் காலையில் இருமும்.
என் பிளாட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று
இன்னும் குழம்புகிறேன்;
அங்கே இருட்டிலும் நடப்பேன்.

பதினான்காம் பாகத்தில் கதவு மூடுகிறது.
எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

நான்காம் பாகத்தில் செத்த சமையல்காரி
ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து எழுந்து வருகிறாள்,
முப்பது வயது குறைந்து, விழுந்த பற்கள் முளைத்து.
யாரும் அழவில்லை.
"காபி இருக்கிறதா?" என்கிறார் கேப்டன்.
ஒரு போர் வருகிறது. இன்னொரு போர் வருகிறது.
இரண்டுக்கும் நடுவே எல்லோரும்
முந்தைய பாகங்களில் நடந்ததை
கூடவே இருந்து பார்த்தவர்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.
அரைத்த மாவை அரைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.
இது மாவு தீர்ந்த பின்னும்
ஆட்டுக்கல் சும்மா சுற்றுகிற சத்தம்,
ஐந்நூற்றுப் பத்துப் பக்கத்துக்கு.

அதுவும் போகட்டும்.
ஸ்பானர்.

மூன்றாம் பாகம், எண்பத்தெட்டாம் பக்கம்.
மெக்கானிக் ஓத்தா கப்பலுக்கு வெளியே தொங்கியபடி
ஆண்டெனாவை முடுக்குகிறான்.
கை நழுவுகிறது.
ஸ்பானர் போகிறது, மெதுவாக, தன்னையே சுற்றிக்கொண்டு,
ஒரு புறம் வெயில் பட்டு, மறுபுறம் இருட்டாகி.
அத்தியாயம் முடிகிறது.
அடுத்ததில் வேறு கிரகம், வேறு மழை.
பிறகு பத்துப் பாகங்களில் எவரும்
அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் அதைப் படித்தது பதினாறு வயதில்.
அப்போது கோக் உலைகள் அணையவில்லை;
கொடியில் போட்ட துணி கரியோடுதான் காயும்.
எங்கோ ஒரு பொருள்
யாருக்கும் உதவாமல், யாரும் தேடாமல்
பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பது
அன்றைக்கு எனக்குப் பெரிய அனுமதி.

இப்போது சொல்கிறார்கள், அது ஸ்பானரே இல்லையாம்.
ஆதி இனம் ஒன்று விட்டுப்போன திறவுகோலாம்.
ஓத்தா தேர்ந்தெடுக்கப்பட்டவனாம்.

முந்நூறில் இருநூற்று எண்பதை ஸ்பானருக்கே கொட்டினேன்.
மிச்சத்தில், பெருந்தன்மையாக ஒரு கேள்வி:
"பதினொன்றில் ஹூலாவின் பழைய கை திரும்பியிருந்தது.
அந்தக் கை எங்கே?"
விலெம் ஸ்பானரை வெட்டிவிட்டான்.
அச்சில் வந்தவை கேள்வியும்
ஒன்றரை நட்சத்திரமும்.

மூன்று வாரம் கழித்து ஓலோமோட்ஸிலிருந்து ஒரு தபால் அட்டை.
நர்ஸின் உருண்டை எழுத்து, சொன்னது ஹூலா:

"அம்மணி, ஒன்றரை அதிகம்.
எட்டோடு என் கண் போய்விட்டது.
அதற்குப் பிறகு எல்லாம் என் மருமகன்,
நீங்கள் மெச்சிய பதினொன்று உட்பட.
ஸ்பானரைப் பற்றி நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன்.
அடுத்த அத்தியாயத்தில் ஓத்தா எட்டிப் பிடிப்பதாக இருந்தது.
அன்று மதியம் கடைவாய்ப் பல்வலி.
மறந்துவிட்டேன், அவ்வளவுதான்."

மறந்ததால்தான் இன்னும் சுற்றுகிறது
என்று சொல்லிப் பார்த்தேன், ஸ்வினோவ் நிறுத்தத்தில்,
கதவு திறந்திருக்க, ஏற ஆளில்லாமல்.

இரவு பதினொன்றை எடுத்து
தையல் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன்.
தெரியவில்லை.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் மறுபடி தொண்டை அடைத்தது;
அதில் எனக்குக் கோபம்தான்.

மருமகனுக்கு ஓர் அட்டை தொடங்கியிருக்கிறேன்:
"ஐயா, பதினொன்றில்
சமையல்காரி இல்லாத சமையலறையின் கதவு
இரவெல்லாம் அடித்துக்கொள்கிறதே,
அதை அப்படி விட்டுவைத்தது நீங்கள்தான் என்றால்,
பிறகு ஏன் சரிசெய்தீர்கள்?"