கடித்துச் சொல்

செவ்வாய்க்கிழமை
வெண்டெலின் வாயில் மிச்சமிருந்த பதினொரு பல்லையும்
பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.
சனிக்கிழமை போட்டி.

"நெருப்புக்கு எதற்கு நான் பல்லைக் காட்டணும்"
என்றான் என் தம்பி. அல்லது அப்படி ஏதோ.
பஞ்சு அடைத்த வாயிலிருந்து
உயிரெழுத்து மட்டும்தான் வெளியே வருகிறது.

பருத்திக் காடு முடிந்து
மிசிசிப்பியின் கரைமேடு தொடங்கும் இடத்தில்
கண்காட்சித் திடல்.
விடியாத நாலு மணிக்கு,
பழைய எண்ணெய்த் தொட்டியை அறுத்து அவன் ஒட்டிய அடுப்பில்
ஹிக்கரிக் கட்டை பிடித்துக்கொண்டது.
முதலில் வரும் வெள்ளைப் புகை ஆகாது,
கசக்கும்.
அது மெலிந்து நீலமாகும்வரை
விலாக்கள் தட்டில் காத்திருந்தன,
சவ்வு உரித்து, மிளகும் பழுப்புச் சர்க்கரையும் பூசியதில்
வேர்க்கத் தொடங்கியிருந்தன.

பதினைந்து வருடமாக
இந்தத் திடலில் அவன் ஓதுவது ஒன்றே:
எலும்பைவிட்டு உதிர்கிற கறி
தோற்றுப்போன கறி.
கடித்த இடத்தில் பிறை விழவேண்டும்.
பிறைக்கு அடியில் எலும்பு வெள்ளையாகக் காயவேண்டும்.
பக்கத்துக் கறி அசையக் கூடாது.
உதிர்கிற கறியை மெச்சிய மைத்துனனோடு
இரண்டு தாங்க்ஸ்கிவிங் பேசாமல் இருந்தவன்.

பதினோரு மணிக்கு மூடியைத் திறந்தோம்.
எலும்பு நுனிகள் கால் அங்குலம் வெளியே தெரிந்தன,
போன வருடச் சட்டையில்
வளர்ந்த பையனின் மணிக்கட்டு மாதிரி.
இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான்.
விலா வளைந்தது, வளைந்தது,
மேல்தோலில் ஒரு கீறல் திறந்து
அங்கேயே நின்றது.
பல்குத்தியை இரண்டு எலும்புக்கு நடுவே இறக்கினான்,
அவனிடம் மிச்சமிருக்கும் ஒரே பல்.
இறங்கியது.
அவன் முகம் இறங்கவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
விலாவிடம் அந்தக் கணக்கு செல்லாது.
ஓர எலும்பு முந்திக்கொள்ளும்,
நடு எலும்பு முரண்டு பிடிக்கும்.
நடுவிலிருந்து ஒன்றை வெட்டி என்னிடம் நீட்டினான்.
"அ இ உ ஒ உ."
கடித்துச் சொல்லு.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
தின்பேன், விவரித்துப் பழக்கமில்லை.
பதத்துக்கு ஒரு பதம் கிடைக்காமல்
மென்றுகொண்டே நின்றேன்.
பூட்டைத் திறக்கும் திருடன் காது கொடுப்பதுபோல
அவன் என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருது" என்றேன்.
போதாது என்று தலையசைத்தான்.
"என் பஸ் கதவு இருக்கே,
இழுத்தா முதல்ல கொஞ்சம் மாட்டேங்கும்,
அப்புறம் தானா வந்துடும். அது மாதிரி.
ஆனா எண்ணெய் போடாத கதவு."

அவன் கண் விரிந்தது.
"அ உ" என்று பத்து விரலையும் விரித்தான்.
பத்து நிமிடம். மூடியை இறக்கினான்.

பன்னிரண்டரைக்கு ஆறு எலும்புகள்
பெட்டியில் ஏறி நடுவர்களிடம் போயின.
ஒருவர் 'இறுக்கம்' என்று எழுதி ஏழு போட்டிருந்தார்.
அவர் பக்கத்திலிருந்தவர் 'உதிர்கிறது', அவரும் ஏழு.
ஒரே விலா.
பத்து ஒருவரும் போடவில்லை.

காலையிலேயே, அவன் பார்க்காத நேரம்,
ஒரு விலாவை இரட்டைத் தாளில் சுற்றி
ஆப்பிள் சாறு ஊற்றி
அடுப்பின் பின்மூலையில் தள்ளியிருந்தேன்.
மூன்று மணிக்கு எடுத்தால்
எலும்பு கையோடு வந்தது, கறி வரவில்லை.
காகிதத் தட்டில் வழித்து
ஸ்பூனோடு கொடுத்தேன்.

பக்கத்துக் கூடாரத்து ஹோலிஸ் பார்க்கிறானா என்று பார்த்தான்.
நாற்காலியைத் தூக்கி
பருத்தியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.
நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து நசுக்கினான்,
ரொம்ப நேரம்.

"அ உ" என்றான்.

தப்பா, பத்தா என்று நான் கேட்கவில்லை.
விரித்துக் காட்ட
அவன் விரல்களுக்கு ஓய்வில்லை.