எடுத்துக்காட்டு: ஒன்று

ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் வகுப்பில்
தூலிக்கி ராண்டனென் ஒரே கதையைத்தான் சொல்வார்:
ஒரு மாணவன். வயது பதினொன்று.
தேர்ச்சி அட்டையில் அப்பாவின் கையெழுத்தை
அவனே போட்டுக்கொண்டு வருகிறான்.
ஆசிரியர் என்ன செய்யலாம்?

நாளைக்கு ஊலு நகரத்தில் ஆசிரியர் ஆகப்போகிறவர்கள்
நனைந்த காலுறைகளோடு யோசிப்பார்கள்.
கடமை என்பார் ஒருவர். விளைவு என்பார் இன்னொருவர்.
பரிவு என்ற சொல் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது,
அதற்கும் பலகையில் இடம் ஒதுக்கினார்.

அந்தக் கையெழுத்திலிருந்துதான் எல்லாம்.
முனைவர் பட்டம், இரண்டு நூல்கள்,
லிஸ்பனில் ஒரு மாநாடு
(அப்பா என்பதைக் காப்பாளர் என்று மாற்றலாமா என
அரைமணி நேரம் விவாதித்தார்கள்),
ஜன்னல் வைத்த அறை.
ஆறு வருடம் அறநெறிக் குழுவின் தலைவர்;
ஒப்புதல் படிவத்தில்
"பெயர் வெளியிடப்படாது" என்ற வரி அவர் எழுதியது.
பையன் அடிக்குறிப்புகளில் வளர்ந்துகொண்டே போனான்,
வயதுதான் ஏறவில்லை.

இந்த வருடம் கடைசி வரிசையில் ஹில்லா என்றொருத்தி
மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"அவன் பெயர் என்ன?"

அது முக்கியமில்லை, இது வெறும் எடுத்துக்காட்டு
என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.
பேனாவின் மூடி எங்கோ உருண்டது.

கெமியில் அந்தக் குளிர்காலம்,
காகித ஆலையின் அழுகின முட்டை வாடை
வகுப்பறைத் திரைச்சீலை வரை ஏறியிருந்தது.
அவருக்கு இருபத்து மூன்று, முதல் வேலை.
கையெழுத்து அத்தனை அழகு,
அப்பா போடுவதைவிடத் தெளிவு,
அதனாலேயே பிடிபட்டான்.
விதிப்புத்தகம் சொன்னதைச் செய்தார்:
வீட்டுக்குத் தொலைபேசினார்.
திங்கட்கிழமை பையன் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை வந்தான்,
இடது கையால் எழுதினான்.
இவர் எதுவும் கேட்கவில்லை.
மே மாதம்
பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

"பென்ட்டி" என்றார்.
இருபத்தாறு பேரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள்.
தேர்வில் வருமா என்று ஒருவன் கேட்டான்.
பெயரின் நடுவில் 'ட்' உண்டா என்று இன்னொருவன்.

உண்டு, என்றார்.
அவன் அதை விட்டதே இல்லை,
அந்தச் செவ்வாய்க்கிழமைகூட.