தகுதியுள்ள செலவுகள்

எங்கள் மாவட்டத்தை யார் தாக்குவார்கள் என்று
படிவத்தின் ஏழாம் பக்கம் கேட்கிறது.
வெள்ளி மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும்.

நெப்ராஸ்காவின் வயிற்றுப் பகுதி.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர்,
அதற்கு இருபது மடங்கு மாடுகள்,
ஒரே ஒரு சிக்னல், அதுவும் மஞ்சளில் மட்டும் மினுக்கும்.
பக்கத்து மாவட்டத்துக்காரனே
கால்பந்து ஆட்டம் இருந்தால்தான் இந்தப் பக்கம் வருகிறான்.

ஆனாலும் எழுதினேன்.
நான் வில்மா ஹ்ருஸ்கா.
காலையில் வாகனப் பதிவு,
மதியத்துக்குமேல் அவசரகால நிர்வாகம்.
ஒரே மேசைதான்; பெயர்ப்பலகையைத் திருப்பி வைப்பேன்.

இலக்கு ஒன்று: தானியக் கிடங்கு.
இலக்கு இரண்டு: அமோனியா தொட்டிகள்.
மூன்றாவதற்கு ஜன்னல் வழியே பார்த்து
தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தேன்.
பள்ளி முடித்த பையன்கள் ஓர் இரவில் ஏறி
காதலிகளின் பெயரை அதில் பூசியிருந்தார்கள்.
எனக்குத் தெரிந்து
அதன்மேல் நடந்த ஒரே தாக்குதல்.

வேண்டியிருந்தது ஓர் ஆம்புலன்ஸ்.
இருந்தது கிழடு; குளிர்காலத்தில்
கெஞ்சினால் கிளம்பும், சில நாள் கெஞ்சினாலும் இல்லை.
தலைநகரிலிருந்து பேசியவள் அன்பாகத்தான் சொன்னாள்:
"அது இந்தத் தலைப்பில் வராதே, அம்மா.
பயங்கரத்தோடு ஏதாவது தொடர்பு காட்ட முடியுமா?"

அக்டோபரில் லாரி வந்தது.
விஷம் பட்டவர்களைக் கழுவ ஒரு கூடாரம்,
ரசாயன உடை நான்கு, நான்கும் ராட்சத அளவு,
புத்தம்புது வானொலிக் கருவிகள் பன்னிரண்டு.
தன்னார்வப் படையில் ஐந்தடி லியோட்டா டோபேஷ்
உடையை மாட்டிக்கொண்டு நின்றாள்.
கை எங்கே என்று தெரியவில்லை.
கைதட்டச் சொன்னோம்; சட்டைதான் தட்டியது.
அந்தப் புகைப்படம் இன்னும் சுவரில் இருக்கிறது.

ஒத்திகையும் நடந்தது.
பள்ளி விளையாட்டுக் கூடத்தில்
தக்காளி சாஸ் பூசிய இருபது சடலங்கள்
படுத்தபடியே கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தன.
கூடாரத்தைச் சந்தை நாள் மழையில்
பணியாரக் கடைக்கு விரித்தோம்.
தணிக்கையாளர் சர்க்கரைப் பாகின் கறையைக் கண்டுபிடித்து
அது என்ன திரவம் என்று
எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்.

ஜனவரி, இரவு ஒன்பது மணி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ஊருக்கு வடக்கே முப்பத்தொரு மைலில்
மாட்டுக் கொட்டிலில் எர்வின் டோபேஷ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வானொலியைக் குறை சொல்ல முடியாது.
முன்பெல்லாம் பாதி வார்த்தையை இரைச்சல் தின்றுவிடும்.
அன்று ஒன்றுவிடாமல் கேட்டது.
ஆம்புலன்ஸ் கிளம்பவில்லை, கேட்டது.
அடுத்த மாவட்டத்து வண்டிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம், கேட்டது.
பண்ணையாள் பையன் பொத்தானை அழுத்தியபடி
விட மறந்து நின்றான் போல;
லியோட்டா எண்ணுவதும் கேட்டது.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
இரண்டு மூச்சுக்கு மௌனம்.
மறுபடி ஒன்று.

பன்னிரண்டு கருவிகள்,
பன்னிரண்டு சமையலறைகளில்,
அத்தனை தெளிவாக.
யாரும் அணைக்கவில்லை.

மார்ச்சில் வந்தாள்,
எர்வினின் பிக்கப்பைத் தன் பெயருக்கு மாற்ற.
காலை நேரம் என்பதால் நான் வாகனப் பதிவு.
பதினேழு டாலர். சில்லறை சரியாக வைத்தாள்.
கணினித் திரையில் படிவம் திறந்திருந்ததைப் பார்த்து
"இந்த வருஷம் என்ன கேட்கப் போகிறாய்?" என்றாள்.
அச்சுப்பொறி அவள் பெயரை
மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

அவள் போனபின் பலகையைத் திருப்பினேன்.
மதியம் ஆகியிருக்கவில்லை.

ஏழாம் பக்கம். இலக்கு ஒன்று.
முப்பத்தொரு மைல், ஐம்பத்திரண்டு நிமிடம், என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது:
இங்கே இடப்பெயர் மட்டுமே ஏற்கப்படும்.

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.
மூன்றாம் முறை பிடித்தது.
ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு
தானியக் கிடங்கு என்று அடித்தேன்.
கட்டம் பச்சையானது.